கேள்விக்குறி இருந்த இடத்தில்

பெல்ரோஸ் எஸ்டேட்,
சேரம்பாடி வழி.
27.06.2025

சசி,

உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியதே இல்லை. என் போனை என்கொயரிக்கு வேண்டும் என்று வாங்கி மேனேஜர் பீரோவில் பூட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். கேட்டால் கதவைச் சாத்துவார்கள். ராமாத்தாள் அக்காவை யானை மிதித்த நாளிலிருந்து இந்த வரிசையில் பன்னிரண்டு வீட்டிலும் யாரும் என்னிடம் பேசுவதில்லை.

நீ சாவுக்கு வரவில்லை. சேதி தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் தங்கச்சி எங்கே என்று அந்த அக்கா மகள் என்னைக் கேட்டாள். குன்னூரில் என்றேன். குன்னூர் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது?

நடந்ததை நானே ஒரு தடவை எழுதிவிடுகிறேன். உங்கள் கம்பெனி ரிப்போர்ட்டில் அது வேறு மாதிரி இருக்கிறது. பதினெட்டாம் தேதி காலை ஐந்து இருபதுக்கு வாட்சர் பிராங்ளின் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான். "சேட்டா, மேல ஆனை எறங்கியாச்சு. ஒத்தக் கொம்பன். பலாமரம் தாண்டி பைப்புப் பக்கம் வருது." நான் கண்ட்ரோல் ரூமில் நீ செய்துகொடுத்த புரோகிராமைத் திறந்து, இடத்தின் பெயரை டைப் செய்து, 'எச்சரிக்கை அனுப்பு' என்பதை அழுத்தினேன். பச்சை டிக் வந்தது. பச்சை டிக் வந்தால் அந்த இடத்தில் இருக்கிற அத்தனை பேர் போனும் அடிக்கும் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். நம்பி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். ஐந்து நாற்பதுக்கு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பைப்படிப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். போன் இடுப்பிலேயே இருந்தது. அது உடையக்கூட இல்லை. எடுத்துப் பார்த்தால் ஒரு மெசேஜும் இல்லை. மேல் வரிசையில் ஒருத்தர் போனும் அடிக்கவில்லை.

உங்கள் கம்பெனி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'மென்பொருளில் கோளாறு ஏதும் இல்லை. இயக்கியவரின் உள்ளீடு தவறாக இருந்திருக்கலாம்.' மேனேஜர் ஜெகதீசன் சார் வாசித்துக் காட்டினார். "ஏனுங்க பொன்ராஜ், தூக்கக் கலக்கத்துல மாத்தி அடிச்சுட்டீங்களா? அடிச்சிருந்தா சொல்லிப்போடுங்க" என்றார். ரிப்போர்ட்டுக்கு அடியில் யார் கையெழுத்து? என் தங்கச்சி கையெழுத்து.

என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். ஜூலை இருபத்து நாலில் என்கொயரி. தப்பு என்னுடையது என்றானால் வேலை போகும், வேலையோடு இந்த வீடும் போகும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுக் கால் போன பிறகு எனக்கு வேறெங்கே வேலை வைத்திருக்கிறார்கள்? அதையும் விடு. ராமாத்தாளைக் கொன்றவன் என்ற பெயரோடு நான் எங்கே போவேன்?

யார், எப்போது, எந்த எழுத்தை அடித்தாலும் அதை லாக் என்று ஒன்று எழுதி வைத்துக்கொள்ளும், அதனிடமிருந்து தப்பவே முடியாது அண்ணா என்று நீ சொல்லிச் சிரித்திருக்கிறாய். அதை எடுத்துப் பார். நான் என்ன அடித்தேன் என்று அது சொல்லட்டும்.

பொன்ராஜ்


குன்னூர்
03.07.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாவுக்கு வர முடியாததற்கு மன்னிக்கவும். எஸ்டேட் ஆட்கள் யாரிடமும் போனிலோ மெயிலிலோ பேசக்கூடாது என்று எங்களிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதையும் கையால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் கேட்ட லாக்கை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஆட்களின் பெயர், குடியிருக்கும் இடம், போன் எண் எல்லாம் டேட்டாபேஸில் பட்டியலாக இருக்கின்றன. நீங்கள் ஒரு இடத்தின் பெயரை அடித்தால் புரோகிராம் அந்தப் பட்டியலிடம் ஒரு கேள்வி கேட்கும். ஒவ்வொரு கேள்வியும் அதற்கு வந்த பதிலும் லாக்கில் விழும். பின்னால் பிழை திருத்தவும், யார் என்ன செய்தார்கள் என்று தணிக்கை செய்யவும் அதுதான் ஆதாரம். அன்றைக்கு விழுந்தது இவ்வளவுதான்:

18.06.2025, 05:22:41
பயனர்: பொன்ராஜ்
கேள்வி: இடம் = ? என்றுள்ள போன் எண்களைக் கொடு
கோளாறு: இல்லை
கிடைத்த எண்கள்: 0

அந்தக் கேள்விக்குறி இருக்கிற இடத்தில் நீங்கள் அடித்த சொல் இருக்க வேண்டும். முன்பு இருந்தது. ஆட்களின் பெயரும் எண்ணும் லாக்கில் அப்படியே கிடந்தால் கண்டவர்கள் எடுத்துப் போவார்கள் என்று ஒரு கஸ்டமர் கேட்டதால், போன வருஷம் சொல் வரும் இடத்திலெல்லாம் கேள்விக்குறி மட்டும் விழும்படி மாற்றினோம். மாற்றியது நான்தான். சொல்லோடு கூடிய பிரதி இனி எங்கேயும் இல்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பச்சை டிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணினிக்கு 'யாரும் இல்லை' என்பதும் ஒரு பதில்தான். பதில் வந்துவிட்டதால் டிக் காட்டியது. அது கோளாறு ஆகாது.

நீங்கள் என்ன அடித்தீர்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். மேலுக்குப் பதில் கீழ் வரிசையை அடித்திருக்க வாய்ப்பு உண்டா? எழுத்துப்பிழை இருக்குமா? கோபப்படாமல் யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
சசிரேகா


பெல்ரோஸ்
09.07.2025

அன்புள்ள தங்கை சசிரேகா அவர்களுக்கு,

எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? சஸ்பெண்ட் ஆனவனுக்கெல்லாம் இந்த மரியாதை உண்டா?

உன் கேள்விக்குறியைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நான் எத்தனை மணிக்கு அடித்தேன் என்று செகண்டு வரைக்கும் இருக்கிறது, என் பெயர் இருக்கிறது, செத்தவளுக்கு எதுவும் போகவில்லை என்பது இருக்கிறது. என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஒரு சொல் மட்டும் இல்லை. அதை எடுத்தது நீ. எடுத்துவிட்டு, கோபப்படாமல் யோசி என்று எனக்கே புத்தி சொல்கிறாய்.

யோசிக்க என்ன இருக்கிறது? மேல்பாடி. அதைத்தான் அடித்தேன். எழுத்துப்பிழை இல்லை. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாதா?

சொல்லப்போனால் அந்தச் சொல்லை அடிக்க எனக்கு விரல் வராது. அப்பா இருந்தவரை அதை வீட்டுக்குள் விட்டதில்லை. "பாடின்னா பொணம். மனுசர் குடியிருக்கிற எடத்துக்கு அப்பிடிப் பேர் வைப்பாங்களா?" என்பார். அவர் சிலோனிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சம் இருந்தது, இந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்ற அந்த ஒரு சொல்தான். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் உங்கள் எம்.டி. மெட்ராஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாரே, நினைவிருக்கிறதா? நான் திரையில் இடங்களைக் காட்டி 'மேல் லயம்' என்று சொன்னதும் ஒருத்தர், "லயமா? பாட்டு கிளாஸ் நடக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய் என்ன சொன்னாய்? "அண்ணா, இந்த சிலோன் பேச்சை விட்டுத் தொலையேன். எல்லாரும் பாடின்னுதான் சொல்றாங்க. இனிமே லயம்னு சொல்லாத, எழுதாத. எனக்கு அசிங்கமா இருக்கு."

படித்த பிள்ளை சொல்கிறாள், விட்டுவிடுவோம் என்று அன்றோடு விட்டேன். கண்ட்ரோல் ரூம் புத்தகத்தில்கூட அடித்துத் திருத்தினேன். நீயும் கவரில் 'மேல்பாடி' என்றுதான் எழுதியிருக்கிறாய். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஆகவே உன் கேள்விக்குறியை அழித்துவிட்டு அந்த இடத்தில் மேல்பாடி என்று எழுதிக்கொள். எழுதி என்கொயரிக்கு அனுப்பு. நேற்று அக்கா மகள் என் வாசலில் அந்தப் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை நான் என்ன செய்ய? இன்னும் அதில் சார்ஜ் இருக்கிறது.

பொன்ராஜ்


குன்னூர்
14.07.2025

அண்ணா,

இரண்டு நாளாக நான் ஆபீசுக்குப் போகவில்லை. உன் கடிதத்தில் அந்த ஒரு சொல்லைப் படித்ததுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். சொல்லோடு கூடிய லாக் எங்கேயும் இல்லை என்று எழுதினேன். இருக்கிறது. பிழை கண்டுபிடிக்க உதவும் என்று என் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி விழும்படி ஆரம்பத்திலேயே செய்து வைத்திருந்தேன். பிறகு நிறுத்தவில்லை. இது தெரிந்தால் கையெழுத்துப் போட்டு ஏமாற்றினாய் என்று என்னை அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் சொல்லவில்லை. திறந்து பார்க்கவும் பயந்துகொண்டிருந்தேன். நீ தப்பாக அடித்திருப்பாய், அதை நானே கண்டுபிடிக்க வேண்டாமே என்று நினைத்தேன். சனிக்கிழமை திறந்தேன்.

18.06.2025, 05:22:41
பயனர்: பொன்ராஜ்
கேள்வி: இடம் = 'மேல்பாடி' என்றுள்ள போன் எண்களைக் கொடு
கோளாறு: இல்லை
கிடைத்த எண்கள்: 0

நீ சொன்னது அத்தனையும் சரி. பட்டியலில்தான் மேல்பாடி என்று ஒரு இடமே இல்லை அண்ணா. 'மேல் லயம்' என்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டியலைப் போட்டபோது நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத இடமா என்று, நம் வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதினேன். பிப்ரவரியில் உன்னை மாற்றச் சொன்னேனே தவிர, பட்டியலை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை. எவர் முன்னால் நான் வெட்கப்பட்டேனோ அவர்கள் யாரும் அந்தப் பட்டியலைப் பார்க்கப் போவதில்லையே.

பழையதையும் பார்த்தேன். பிப்ரவரிக்கு முன்னால் பதினோரு தடவை 'மேல் லயம்' என்று அடித்திருக்கிறாய். பதினோரு தடவையும் முப்பத்தேழு எண் கிடைத்திருக்கிறது. பிப்ரவரிக்குப் பிறகு யானை மேலே வந்தது அன்றைக்குத்தான்.

ராமாத்தாள் அக்காவின் எண்ணை நான்தான் அந்த முப்பத்தேழில் சேர்த்தேன். மூன்றாவது வரி.

என்கொயரிக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தாளை நான் கொண்டு வருகிறேன். வேலை போனால் போகட்டும்.

சசி


பெல்ரோஸ்
18.07.2025

சசி,

படித்தேன். உன்னைத் திட்ட நாலு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன்.

அந்தத் தாளைக் கொண்டு வா. ஆனால் ஒன்றை நன்றாக யோசித்துக்கொள். தாள் மட்டும் வந்தால் நான்தான் மாட்டுவேன். பட்டியலில் இல்லாத பெயரை அடித்தவன் என்று அது என்னைத்தான் காட்டும். ஏன் அடித்தேன் என்பது அதில் இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். வராந்தாவில் வேறு யாரும் இருக்கவில்லை. நான் சொன்னால், வேலை தப்ப தங்கச்சி மேல் பழி போடுகிறான் என்பார்கள். நீ சொன்னால்தான் நிற்கும். "லயம்னு எழுதாதேன்னு நான்தான் சொன்னேன்." அவ்வளவு போதும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

மழையில் ரோடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பஸ் வளைவிலேயே நின்றுவிடும், குடை கொண்டு வா. முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. உனக்குப் பிடிக்குமே என்று மாசிச் சம்பல் இடித்து வைக்கிறேன்.

பொன்ராஜ்


பெல்ரோஸ்
26.07.2025

சசிரேகா,

நீ எம்.டி.யோடு ஜீப்பில் வந்து இறங்கியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாளைக் கொடுத்தாய். தேதி, மணி, என் பெயர், நான் அடித்த சொல் எல்லாவற்றையும் தெளிவாக வாசித்தாய். டீச்சர் வாசிக்கிற மாதிரி இருந்தது. பட்டியலில் இந்தப் பெயர் இல்லை, முன்பு பதினோரு தடவையும் லயம் என்றுதான் அடித்திருக்கிறார் என்றாய். இதோ இப்போது சொல்வாள் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம், ஜெகதீசன் சாரே எடுத்தும் கொடுத்தார். "ஏனம்மா, எப்பவும் லயம்னு அடிச்சவரு இந்தத் தடவ மட்டும் எதுக்குங்க மாத்தி அடிச்சாரு? யாராச்சும் மாத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாய். அதன் பின்பக்கத்தில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. பிறகு சொன்னாய்: "லாக்கில் அப்படி எதுவும் பதிவாகவில்லை சார்."

பொய் சொல்லவில்லை, ஒத்துக்கொள்கிறேன். லாக்கில் இல்லைதான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். கத்தியிருக்கலாம். உன்னைக் காட்டிக்கொடுத்துக் கத்த எனக்கு நாக்கு எழவில்லை. என் தலையெழுத்து அது.

வெளியே பிராங்ளின் மட்டும்தான் என் பக்கத்தில் வந்து நின்றான். "எந்தா சேட்டா, நம்ம பாஷையில அடிச்சதுக்கா இது?" என்று கேட்டான். பாடி என்பது அவன் பாஷை. என் பாஷை எது என்று அவனுக்கு எப்படிச் சொல்வேன்? மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும். ராமாத்தாள் அக்கா மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சம்பல் அப்படியே இருக்கிறது. நாய்கூட அதைத் தொடவில்லை, காரம்.

இனி எழுதாதே.


குன்னூர்
11.08.2025

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ இன்னும் வீட்டைக் காலி பண்ணாமல் இருப்பாய் என்று நம்பிப் பழைய முகவரிக்கே அனுப்புகிறேன்.

அன்று பயந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. எம்.டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிரதி வைத்திருந்ததை அவர் கோபிக்கவில்லை, ஜீப்பிலேயே தட்டிக்கொடுத்தார். கோளாறு நம்முடையது இல்லை என்று காட்டிவிட்டாய் என்றார். மறுநாள் ஆபீசில் கேக் வெட்டாத குறைதான். வேலை போனால் போகட்டும் என்று உனக்கு எழுதியவள், வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் அதை விட மனம் வராமல் தாளைத் திருப்பினேன். உன்னை மாட்டிவிட்டு நான் பிழைத்துக்கொண்டேன். இதை எப்படி எழுதினாலும் இதுதான் வருகிறது.

போன வாரம் பட்டியலில் இரண்டு பெயரையும் சேர்த்தேன். லயம் என்று அடித்தாலும் பாடி என்று அடித்தாலும் இனி எல்லாப் போனும் அடிக்கும். எண் எதுவும் கிடைக்காவிட்டால் பச்சை டிக் வராது, சிவப்பாகக் கத்தும். பத்து நிமிஷ வேலை அண்ணா. பத்தே நிமிஷம். முடித்துவிட்டு மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

பிறகு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜெகதீசன் சாருக்கும் எம்.டி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உனக்கு ஒரு நகல்:

20.02.2025, காலை பதினொன்றே முக்கால்
இடம்: கண்ட்ரோல் ரூம் வராந்தா
சொன்னவர்: சசிரேகா
கேட்டவர்: பொன்ராஜ்
சொன்னது: 'இனிமே லயம்னு சொல்லாத, எழுதாத. எனக்கு அசிங்கமா இருக்கு.'
கோளாறு: என்னுடையது.

நேற்றோடு எனக்கும் அங்கே வேலை இல்லை. அதை உனக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நான் அங்கே வரட்டுமா? ஒரு வரி போதும்.

சசி


கேத்தி
30.08.2025

சசி,

உன் கடிதம் பெல்ரோஸ் போய், பத்து நாள் சுற்றிவிட்டு இங்கே வந்தது. நான் இப்போது கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் மூட்டைக்குச் சீட்டு எழுதுகிறேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை. காலுக்குப் பரவாயில்லை. தண்ணீர்தான் எலும்பு வரைக்கும் குளிர்கிறது. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. இப்போதைக்கு அது நல்லதுதான்.

ஜெகதீசன் சாரிடம் பி.எஃப். காகிதத்துக்காகப் போயிருந்தேன். நீ அனுப்பியதைப் படித்தாராம். "நல்ல புள்ளைங்க, ஒத்துக்கிச்சு. ஆனா என்கொயரி முடிச்சு மேலிடத்துக்கு அனுப்பியாச்சுங்களே, இனி நான் என்ன பண்றதுங்க? பைல்ல வெச்சுக்கறேன்" என்றார். என் கண் முன்னால்தான் வைத்தார். துளை போட்டுக் கோத்துப் பத்திரமாக வைத்தார். யாராவது தணிக்கைக்கு வந்தால் அது அங்கே இருக்கும்.

அக்கா மகளிடம் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் நகலையும் காட்டினேன். முழுக்கப் படித்தாள். "அம்மாவுக்கு எல்லாப் பேரும் தெரியும். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் நின்னுருக்கும்" என்றாள்.

கவரில் முகவரியை 'மேல் லயம், பெல்ரோஸ்' என்று எழுதியிருந்தாய். கவர் மேல் உன் கையெழுத்தில் அந்தச் சொல்லை இப்போதுதான் பார்க்கிறேன். அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். தபால்காரர் ஒருத்தரிடமும் கேட்காமல் நேராக நம் வீட்டு வாசலுக்கே கொண்டுபோயிருக்கிறார்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். சொல் சரியாக இருந்தது, இடமும் சரியாக இருந்தது. கதவைத் தட்டினால் திறக்க அங்கே நம் ஆள் யாரும் இல்லை.

பொன்ராஜ்